வால்வைப் பர்சில் போட்டுக்கொண்டு போனவள்

மாரிச்செல்வியின் வீட்டில் காற்றடிக்கிற பம்பு மூன்று இருந்தன. சைக்கிளில்தான் காற்று இல்லை. இந்த அக்கிரமத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

செட்டியார்பட்டியில் வீடு, ராஜபாளையத்தில் நூல் மில். காலை ஷிஃப்டுக்கு ஆறு மணிக்குள் கேட்டைத் தாண்டியாக வேண்டும். மில் வேன் அவள் தெருப்பக்கம் வருவதை நிறுத்தியதிலிருந்து, அந்நேரத்துக்கு பஸ்ஸும் இல்லாததால், சைக்கிள்தான் கதி. அதன் பின்சக்கரமோ ராத்திரியெல்லாம் காற்றை மெல்ல விட்டுவிட்டு விடியும்போது சப்பையாகக் கிடக்கும். பாதித் தூரம் உருட்டிக்கொண்டே போய் லேட்டாகச் சேர்வாள். சூப்பர்வைசர் பெலிக்ஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, போன வாரம் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இன்னொரு நாள் லேட்டா வந்தா மதிய ஷிஃப்டுக்கு மாத்திருவேம்மா. பொறவு எங்கிட்ட வந்து நிக்காத.”

மதிய ஷிஃப்ட் என்றால், பத்தாவது படிக்கிற மகள் பாண்டீஸ்வரி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா மில்லில் இருப்பாள். அம்மா வரும்போது மகள் தூங்கியிருப்பாள். சாயங்காலம் அடுப்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மாரிச்செல்வி இருட்டோடு எழுந்து ஓடுவதே.

புருஷன் வினோத்துக்குப் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் ஒன்பது மணிக்குத்தான் வேலை. அவனுடைய பைக் வாசலில் கவர் போட்டு நிற்கும். அவன் உள்ளே ஏழு மணி வரைக்கும் போர்த்திக்கொண்டு கிடப்பான். எந்தச் சாமானையும் போனில் நட்சத்திரம் பார்த்து வாங்கினால்தான் அவனுக்குத் திருப்தி. முதலில் வந்தது காலால் மிதிக்கிற பம்பு. அளவு காட்ட முள்ளெல்லாம் உண்டு. ஆனால் அதன் முனை பைக் டயருக்குத்தான் சேர்ந்தது. அடுத்தது ஒல்லியாக ஒன்று, கியர் சைக்கிளுக்காம். மூன்றாவது சார்ஜ் போடுகிற ரகம். அது தெருவே எழுந்துகொள்கிற மாதிரி உறுமியது. காற்று மட்டும் டயருக்குள் போகவில்லை.

“சைக்கிள ஒரு தடவ குனிஞ்சு பாத்தியளா? அதோட வாய் எப்படி இருக்குன்னே தெரியாம வாங்குதிய.”

“ஏட்டி, நாலரை ஸ்டார் போட்ருக்கு. அம்புட்டுப் பேரும் கிறுக்கனா?”

“அவங்க சைக்கிளுக்குச் சேந்துச்சு, போட்டாங்க. நம்ம சைக்கிளுக்குச் சேரணும்லா?”

அவன் போனைத் தடவிக்கொண்டே தலையாட்டினான். சுவரோடு பேசியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காதுகுத்து. கிளம்புமுன் பின்சக்கரத்து வால்வைக் கழற்றித் தாளில் சுற்றிப் பர்சில் போட்டுக்கொண்டாள். குக்கருக்கு ரப்பர் வாங்கப் போகிறவள் பழைய ரப்பரைக் கையோடு கொண்டுபோவதில்லையா, அப்படித்தான். விசேஷம் முடிந்ததும் அந்த ஊர் ஐயாதுரையின் சைக்கிள் கடையில் வால்வை எடுத்து வைத்து, “இதுக்குச் சேருற பம்ப மட்டும் காட்டுங்கண்ணாச்சி” என்றாள். காட்டியதில் ஒவ்வொன்றையும் மிதித்து நின்று, கைப்பிடியை அடிவரைக்கும் அழுத்திப் பார்த்தாள். ஆடாமல் நின்ற ஒன்றை எடுத்தாள். வால்வில் மாட்டுகிற சின்ன ரப்பர் குழாய் இற்றுப்போயிருந்தது. அதையும் புதிதாக மாற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து வால்வைத் திருகி, பம்பின் குழாயை மாட்டிக் காற்றடித்தாள். வால்வில் எச்சில் தொட்டு வைத்தாள். காற்று கசிந்து முட்டை விடவில்லை. மகளை ஏற்றி உட்காரவைத்து டயரின் அடியைப் பார்த்தாள். லேசாகப் பிதுங்கியது. போதும் என்று நிறுத்தினாள்.

வினோத் வந்து கட்டைவிரலால் அமுக்கினான். “என்னட்டி, கொழகொழன்னு இருக்கு. கல்லு மாதிரி இருக்க வேண்டாமா?”

“பழைய டயரு, தாங்காது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கை வைக்காதிய.”

அவள் உலை வைக்க உள்ளே போனாள். அவன் செய்த காரியம் மறுநாள்தான் தெரிந்தது.

காலையில் சைக்கிள் சின்னக் கல்லுக்கெல்லாம் துள்ளியது. புதுப் பம்பு, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். ராஜபாளையத்துக்குள் நுழைகிற இடத்தில் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்டயர் வெடித்தது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கி முன்டயரை அமுக்கினாள். விரல்தான் வலித்தது. கல்லேதான். வினோத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். அப்போதும் எடுக்கவில்லை. மிச்சத் தூரத்தை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கேட்டைச் சாத்தியிருந்தார்கள்.

பெலிக்ஸ் கோபப்படக்கூட இல்லை. “போன வாரம் காத்து இல்லன்ன. இன்னைக்குக் காத்து கூடிப் போச்சுங்குற. நான் எதம்மா நம்ப? நாளையிலருந்து மதியம் வா.”

அன்று சாயங்காலம் வினோத் பாவம்போல முகத்தை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். “உனக்கு நல்லா இருக்கட்டும்னுதான் ரெண்டு அடி கூட அடிச்சேன். வெடிக்காத டயர் ஒண்ணு போன்ல பாத்தேன்...”

“அந்தப் போன மொதல்ல கீழ வைங்க” என்றாள் மாரிச்செல்வி. “பம்புக்கு மேல பம்பு வாங்குன மனுசன், விடியக்காலம் ஒரு நாள் எந்திரிச்சு, பைக்குல ஏறு, நான் கொண்டு விடுதேன்னு சொன்னியளா? அதுக்கு எந்தப் பம்பு வேணும்?”

வினோத் போனைக் கவிழ்த்து வைத்தான். இனிமேல் அவன் அப்படிச் சொல்லவும் வழியில்லை. மதியம் அவள் கிளம்புகிற நேரத்தில் அவன் கம்பெனியில் இருப்பான்.

மறுநாள் அவள் மகளுக்குச் சோற்றை மூடி வைத்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.