நூறு வயதுக் கூரை

லியனார்ட் முப்பது வருடமாக இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை பங்களாவின் சமையற்காரர். அங்கே எந்தப் பலகை கிறீச்சிடும், எந்த ஜன்னல் இறுகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தன் காம்பராவின் கூரை ஒழுகுவது மட்டும் அவர் காதில் விழுவதில்லை என்பாள் மனைவி ஐவி. மழை வந்தால் மூன்று பேசின் வைக்க வேண்டும்.

1981இல் லயங்களுக்கெல்லாம் புதுத் தகரம் போடுவதாகத் தோட்டத்தில் முடிவாயிற்று. இவர்கள் லயத்தின் முறை அடுத்த மாதம். அதற்குள் பழைய வீடுகளைப் பதிகிற அதிகாரி ஒருவர் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். பங்களாவுக்கு நூறு வயது, காப்பாற்றியே ஆக வேண்டும் என்றார். காப்பாற்றுவது என்றால் புதுக்கூரை, பெயின்ட், மினுக்கிய தரை.

லியனார்ட்டுக்குச் சபலம் தட்டியது. வெறும் தகரம் எதற்கு, பெயின்டும் சேர்ந்தே வரட்டுமே.

"எங்க லயமும் அதே வருசந்தாங்க ஐயா. செவத்துக் கல்லுல வெட்டியிருக்கு, வந்து பாருங்க."

அதிகாரி வந்தார். பாசியைத் துடைத்து 1881ஐப் படித்தார். உருகிப்போய் எழுதிக்கொண்டார். அன்று லயமே லியனார்ட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

மூன்று வாரத்தில் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஜோர்ஜ் படித்துச் சொன்னார்.

"ஒங்க லயத்துல ஒரு ஆணியக்கூட மாத்தக் கூடாதாம் லியனார்ட். பழசு பழசாவே இருக்கணுமாம்."

"பங்களாவுக்கு மட்டும் புதுக்கூர போடுறாங்களே ஐயா?"

"அது விருந்தாளிங்க தங்குற எடம். இது பாக்குற எடம்."

தகரம் அடுத்த லயத்துக்குப் போனது. இவர்கள் லயத்தின் மற்றப் பதினொரு குடும்பமும் லியனார்ட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. போதாக்குறைக்கு, பங்களா விருந்தாளிகளுக்கு லயத்தைச் சுற்றிக் காட்டும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது.

ஒரு ஞாயிறு, கொட்டுகிற மழையில் குடை பிடித்து ஒரு கொழும்பு அம்மாவை அழைத்து வந்தார். அந்த அம்மா வாசலில் நின்று கருங்கல் சுவரை ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"அந்தக் காலத்துல மழைக்கு என்னதான் செஞ்சாங்களோ, பாவம்," என்றார்.

ஐவி நிரம்பிய பேசினை இரண்டு கையாலும் தூக்கி வந்து, அந்த அம்மாவைச் சற்று விலகச் சொல்லி, வாசலில் கொட்டினாள்.

"இதத்தாங்க," என்றாள்.