மடிக்கணினியின் நெற்றிப்பொட்டு

என் தொழில் கசிவு கண்டுபிடிப்பது. மகாராஷ்டிரத்தில், சாகண் தொழிற்பேட்டையில், கார்களுக்கு ரப்பர் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி நான். எண்ணெய் எங்கே ஒழுகும், ஏன் ஒழுகும், யாருடைய அலட்சியத்தால் ஒழுகும் என்று சொல்வதற்குத்தான் இத்தனை வருஷமாகச் சம்பளம் தருகிறார்கள். அப்படிப்பட்டவனுடைய கார் சன்னலைத்தான், ஒரு சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும் வழியில், பைக்கில் வந்த ஒருவன் தட்டினான்.

"அங்கிள், வண்டியில ஆயில் கொட்டுது" என்றான் இந்தியில், மிகுந்த அக்கறையுடன்.

ஓரங்கட்டி இறங்கினேன். முன்பக்கம் குனிந்து, ஒழுகியிருந்ததை விரலால் தொட்டு, நிபுணனுக்கு உரிய நிதானத்தோடு முகர்ந்து பார்த்தேன். கடுகெண்ணெய். எந்தக் காரின் எந்தக் குழாயிலும் கடுகெண்ணெய் ஓடுவதில்லை என்ற முடிவுக்கு நான் வந்து சேர்வதற்குள் பின்பக்கம் ஒரு கதவு மென்மையாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. திரும்பினால் பைக்கும் இல்லை, சீட்டில் வைத்திருந்த லேப்டாப் பையும் இல்லை. விரலில் எண்ணெய் மட்டும் இருந்தது.

போலீஸ் சவுக்கியில் ஹவல்தார் என் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடிவைத்தார்.

"அண்ணா, இந்த எண்ணெய் வித்தையில உங்க மதராஸ் ஆளுங்கதான் கில்லாடிங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க ஊர்ல இதைப் பாடமா வைக்கலை சார்."

"வெச்சிருக்கணும். நீங்க மட்டும் அன்னிக்கு லீவு போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவையில் தானே மகிழ்ந்து மறுபடி பேனாவைத் திறந்தார். "உள்ளே என்ன இருந்துச்சு? முக்கியமான டேட்டா?"

"ஒண்ணும் இல்லை. ஆபீஸ் சமாசாரம் எல்லாம் கம்பெனி சர்வர்ல இருக்கு. போட்டோ எல்லாம் பொண்ணு பத்திரமா வெச்சிருக்கா."

"அப்புறம் என்ன கவலை? பழைய மாடல். விட்டுட்டுப் புதுசு வாங்குங்க."

எனக்கு எது வேண்டும் என்பதை அந்த மேசைக்கு முன்னால் நின்று சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த லேப்டாப்பின் கேமரா மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு வேண்டும்.

அதை ஒட்டியவள் என் மனைவி. வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில், நான் மீட்டிங்கில் இருப்பது தெரியாமல், குளித்துத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என் பின்னால் வந்து, "காபி வேணுமா, இல்லை இந்த எருமைங்களோட பேசிட்டே இருக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எருமைகளில் இருவருக்குத் தமிழ் தெரியும். மீட்டிங் முடிந்ததும் வந்தாள். நெற்றியில் இருந்த மெரூன் பொட்டை எடுத்துக் கேமராவின் மேல் ஒட்டி, மோதிர விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். நெற்றியில் ஒட்டும்போதும் அப்படித்தான், அவளுக்கு ஆள்காட்டி விரல் இருப்பதே மறந்துபோகும். "இனிமே ஊரே நம்ம வீட்டைப் பாக்க வேண்டாம்" என்றாள். பொட்டு நடுவில் இல்லை, கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தது. நெற்றியிலும் அப்படித்தான் இருக்கும்.

அதன் பிறகு ஒரு மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். நான் இருக்கும்போதே போனதால் தீர்க்க சுமங்கலி. பெண்கள் வந்தார்கள், அழுதார்கள், சுமங்கலியின் ஆசி என்று அவளுடைய புடவைகளையும் வளையல்களையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். அது முறைதான், நானே எடுத்துக் கொடுத்தேன். பொட்டு பாக்கெட்டுகள் எல்லாம் போயின. பாத்ரூம் கண்ணாடியில் அவள் ஒட்டிவைத்திருந்தவற்றைச் சின்ன மச்சினி நகத்தால் பெயர்த்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பீரோக் கதவில் இருந்ததை யாரோ ஓர் அத்தை. மூடியிருந்த லேப்டாப்பை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. கோந்த்வாவில் எங்கள் வீட்டில், அவள் கையால் ஒட்டி, ஒட்டிய இடத்திலேயே இருந்த பொருள் அந்த ஒன்றுதான்.

இதைப் புகார் மனுவில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், முன்யோசனை உள்ளவள். (அந்தக் குணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.) அவள் எப்போதோ அதில் ஒரு மென்பொருள் போட்டுவைத்திருந்தாள். 'திருட்டுப்போனது' என்று நாம் ஒரு பொத்தானை அமுக்கினால், அதற்குப் பிறகு யார் லேப்டாப்பைத் திறந்தாலும் அது இருக்கும் இடத்தையும் எதிரே இருப்பவரின் படத்தையும் நமக்கு மெயிலில் அனுப்பும். அமுக்கினேன். மறுநாள் காலை முதல் மெயில் வந்தது. வரைபடத்தில் நீலப் புள்ளி நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். என் வீடு.

புள்ளியைப் பெரிதாக்கினேன். எங்கள் கட்டடம், எங்கள் மூலை, படுக்கையறை இருக்கும் பக்கம். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. நான்தான் சாத்தியிருப்பேன்.

மகளுக்கு போன் செய்தேன்.

"அப்பா, யாரோ போன் நெட்ல கனெக்ட் பண்ணியிருப்பாங்க. சுத்தி தெரிஞ்ச வைஃபை இல்லைன்னா அது பழைய இடத்தையே காட்டும். நத்திங் ஸ்பெஷல். பயந்துட்டீங்களா?"

"நான் ஏன் பயப்படணும்?"

"ஏன் மெதுவா பேசறீங்க அப்புறம்?"

அவளிடம் சத்தமாகச் சிரித்துவிட்டு போனை வைத்தேன். பிறகு போய்க் கதவைத் திறந்து, கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், பீரோவில் பார்த்தேன், கட்டிலில் என் மனைவி படுக்கும் பக்கத்துத் தலையணையைத் தூக்கியும் பார்த்தேன். விஞ்ஞானத்தில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. தலையணையைத் தூக்கிப் பார்ப்பதில் அதற்கு ஆட்சேபணை இருக்காது என்று நினைக்கிறேன்.

மெயிலோடு வந்த படத்தை அப்புறம்தான் பார்த்தேன். சிவப்பு. உருவம் ஒன்றும் இல்லை, வெறும் சிவப்பு இருட்டு. வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் இமைக்குள் தெரியுமே, அந்தச் சிவப்பு. எனக்கு நிம்மதியாக இருந்தது. பொட்டு ஒட்டியபடியே இருக்கிறது, அதன் நிறம்தான் தெரிகிறது. அடுத்த சில நாட்களில் இன்னும் சில படங்கள் வந்தன, எல்லாம் அதே சிவப்பு. புள்ளி மட்டும் என் வீட்டை விட்டு விமான் நகருக்கு நகர்ந்திருந்தது. படங்களை மகளுக்கு அனுப்பி, பொட்டின் நிறம் என்று விளக்கமும் எழுதினேன். உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, அது பாசிபிளே இல்லை. அம்மா பொட்டு வெல்வெட். வெளிச்சம் உள்ளே போகாது. பொட்டு ஒட்டியிருந்தா படம் கறுப்பா வரணும்."

"மெரூன் பொட்டும்மா."

"எந்தக் கலர் பொட்டா இருந்தாலும்பா. இருங்க." கொஞ்ச நேரத்தில் ஒரு படம் அனுப்பினாள். தன் லேப்டாப்பில் ஒரு மெரூன் பொட்டை ஒட்டி எடுத்தது. தார் பூசியது போலக் கறுப்பு.

"அப்போ இது என்ன?" என்று கேட்டேன்.

"தெரியலை" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதிகம் கேட்டதில்லை.

அடுத்த மெயிலில் படம் தெளிவாக இருந்தது. வழவழப்பான டைல்ஸ் சுவர், அலமாரியில் அடுக்கடுக்காக எவர்சில்வர் டப்பாக்கள், அவற்றுக்கு முன்னால் நடுத்தர வயதில் ஒரு பெண். திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து எதையோ படிக்கிறவள் போலக் கண்களைச் சுருக்கியிருந்தாள். முன்னே பின்னே பார்க்காத முகம். ஆனால் நெற்றியில், கொஞ்சம் இடப்பக்கமாக, மெரூன் பொட்டு.

படத்தைப் பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன். மெரூன் பொட்டு வைத்த பெண்கள் இந்த மகாராஷ்டிரத்தில் லட்சக்கணக்கில் இருப்பார்கள் என்று எனக்கு நானே எடுத்துச் சொன்னேன். நான் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

ஹவல்தார் படத்தைப் பார்த்ததும் உற்சாகமானார். "டப்பா போடற பொம்பளை. சுலபம்." மத்தியான வெயிலில் இருவரும் விமான் நகருக்குப் போனோம். கண்ணாடி ஆபீஸ்களுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம். ஆபீஸ்காரர்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவர் யார் என்று கேட்டதும் வாட்ச்மேன் மேலே கை காட்டினார்.

கதவைத் திறந்தவள் படத்தில் இருந்தவள்தான். பொட்டும் இருந்தது. போலீசைக் கண்டதும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். உள்ளறையில் ஓர் ஆண் இருமுவது கேட்டது.

"தாயீ, இந்த லேப்டாப் எங்கே வாங்கினீங்க?" ஹவல்தார் மராத்தியில் கேட்டார். அவர்கள் அக்காவைத் தாயீ என்பார்கள்.

பக்கத்துத் தெரு ரிப்பேர் கடையில் வாங்கினாளாம். பில் இல்லை. சாப்பாட்டு ஆர்டர் எல்லாம் இப்போது இணையத்தில்தானே வருகிறது என்று வாங்கியிருக்கிறாள். திருட்டுச் சாமான் என்று ஹவல்தார் சொன்னதும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. துணியால் துடைத்துக் கொண்டுவந்து, என்னிடம் இரண்டு கையாலும் நீட்டினாள்.

"திறந்து பாருங்க அண்ணா, உங்களோடதுதானா?" என்றார் ஹவல்தார்.

திறந்தேன். என்னுடையதுதான். கேமராவின் கண் வெறுமையாக இருந்தது. சுற்றிலும் பசையின் மங்கலான வளையம்.

நான் அதையே பார்ப்பதை அந்த அம்மாள் கவனித்துவிட்டாள்.

"அங்கே ஒரு டிக்லி இருந்தது" என்றாள். "வீட்டுக்குக் கொண்டுவந்து முதல்முதலா திறந்தப்பவே பார்த்தேன். யாரோ ஒரு சுமங்கலியோடது, தூக்கிப் போட மனசு வரலை. எடுத்து நானே வெச்சுக்கிட்டேன். தப்பா?"

"இல்லை, தப்பில்லை."

"பழசு, பசையே இல்லை, சாயங்காலத்துக்குள்ள விழுந்துடும்னு நினைச்சேன். முகம் கழுவினாலும் விழலை. புதுசு வாங்கறது எல்லாம் விழுது, இது விழவே மாட்டேங்குது." சொல்லிக்கொண்டே மோதிர விரலால் அதை ஒரு அழுத்து அழுத்திக்கொண்டாள்.

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதை வெச்ச நாள்லேர்ந்து இவருக்குக் கொஞ்சம் தேவலை" என்று உள்ளறையைக் காட்டினாள். "எழுந்து உட்கார்றார், ரெண்டு வாய் சாப்பிடறார். டாக்டர் கையை விரிச்சிருந்தார்."

நான் அந்த மாடி ஏறியது ஒரே ஒரு பொருளுக்காக. அது என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எப்படிக் கேட்பது? படுக்கையில் புருஷன் இருமிக்கொண்டிருக்க, அவன் பெண்டாட்டியைப் பார்த்து, அம்மா உன் நெற்றிப் பொட்டை எடுத்து என்னிடம் கொடு என்று எந்த வாயால் கேட்பது? எங்கள் பாஷையிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான், அவர்கள் பாஷையிலும் அதே அர்த்தம்தான். பக்கத்தில் சட்டமே காக்கி உடையில் நின்றுகொண்டிருந்தது. அதனாலும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

"எல்லாம் சரியா இருக்கா அண்ணா? எதுவும் குறையலையே?" என்று ஹவல்தார் கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு."

"உங்க வீட்டுக்காரம்மா நல்லா இருக்காங்களா?" அந்த அம்மாள் கேட்டாள். அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. பதில் அவளுக்கு மிக முக்கியம் என்று தெரிந்தது.

"நல்லா இருக்கா" என்றேன். "ஊருக்குப் போயிருக்கா."

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "வந்ததும் சொல்லுங்க, அவங்க டிக்லி என்கிட்ட பத்திரமா இருக்குன்னு."

சொல்கிறேன் என்றேன். படி இறங்கும்போது அந்தக் கடைக்காரனை உரிக்கப்போவதாக ஹவல்தார் உறுதியளித்தார். அந்த அம்மாள் கொடுத்த பணத்தை முதலில் திருப்பி வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அதைச் செய்தும் கொடுத்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

கோர்ட்டுக் காகிதங்கள் எல்லாம் முடிந்து லேப்டாப் வீட்டுக்கு வரச் சில வாரங்கள் ஆயின. வந்த மறுநாள் காலை, சன்னலோரம் வெயிலுக்கு எதிரே உட்கார்ந்து திறந்தேன். உடனே போனில் மெயில் வந்து விழுந்த சத்தம் கேட்டது. திருடனைத் தேடும் பொத்தானை நான் இன்னும் அணைக்கவில்லை. என் படத்தைத்தான் எடுத்து எனக்கே அனுப்பியிருக்கும், திருட்டு முழி எப்படி வந்திருக்கிறது பார்ப்போம் என்று போனைத் திறந்தேன்.

சிவப்பு. வெயிலில் மூடிய இமைக்குள் தெரிகிற அதே சிவப்பு.

நிமிர்ந்து பார்த்தேன். என் கை லேப்டாப்பின் மேல்விளிம்பில் இருந்தது. பொட்டு இருந்த இடத்தில், கேமராவின் வெறும் கண் மேல், என் மோதிர விரல் அழுந்தியிருந்தது. அதை அங்கே எப்போது வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. விரலை எடுத்தேன், அடுத்த படத்தில் என் முகம் வந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி சிவப்பு. வெளிச்சம் உயிருள்ள விரலின் ரத்தத்தைக் கடந்து வரும்போது அந்த நிறம் வருகிறது, அவ்வளவுதான். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஆனால் முதலில் வந்த சிவப்புப் படங்கள் எல்லாம் அந்த அம்மாள் லேப்டாப்பைத் திறப்பதற்கு முந்தியவை. அப்போது பொட்டு கேமராவின் மேலேதான் இருந்தது. பொட்டின் மேல் யார் விரல் வைத்தாலும் கறுப்பாகத்தான் வரும். சிவப்பு வர வேண்டுமென்றால் விரல் பொட்டுக்கு உள்பக்கம் இருந்திருக்க வேண்டும். நான் தரக்கட்டுப்பாட்டுக்காரன், இதைப் பலவிதமாகப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். மகளிடம் சொல்லவில்லை. அவள் இன்னொரு முறை 'தெரியலை' என்று சொல்வதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"எல்லாம் முடிஞ்சுதுல்ல, அந்தத் திருட்டு மோடை ஆஃப் பண்ணிடுங்கப்பா" என்று அவள் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறாள். அணைப்பது சுலபம். 'உங்கள் பொருள் கிடைத்துவிட்டதா?' என்று அதில் ஒரு கேள்வி வரும், ஆம் என்று அமுக்க வேண்டும்.

நான் இன்னும் அமுக்கவில்லை.