வளைந்த சுவரும் சத்தியசீலனும்

சத்தியசீலனுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். ஊரை ஏமாற்றிப் பிழைக்கிற ஆள் இல்லை. ஆனால் யாரையாவது திடுக்கிட வைக்காமல் ஒரு பொழுது போனால் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஒற்றைச் செருப்பை ஒளித்து வைக்கிற வயதா ஐம்பது? அவர் ஒளித்து வைப்பார்.

மலேசியாவில் பீடோங் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரமாக நிற்கும் மாதா கோயிலுக்குக் காவல், விளக்கு, காற்றாடி, புல்லுவெட்டு எல்லாம் அவர்தான். வீட்டில் கும்பிடுவது முருகனை. "மாதா கோயில் வேலைக்கு இந்து ஆளா?" என்று கேட்டால், "கோயில் வேலைன்னுதானே கூப்பிட்டாங்க, எந்தச் சாமின்னு சொல்லலையே," என்பார்.

முன்பு அங்கே பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு கொட்டகைதான் இருந்தது. ரப்பர் காலத்தில் தோட்டத்து வேதக்காரர்களுக்காகக் கட்டியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சனங்கள் டவுன் பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போனார்கள். கடைசியில் கரையான் மட்டும்தான் பூசைக்குத் தவறாமல் வந்தது. கொட்டகையை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். சிமெண்டு கலக்கப் போன சத்தியசீலன் அப்படியே தங்கிவிட்டார்.

திறப்பு விழா அன்று ஊரே வாயடைத்துப் போனது. கோபுரம் இல்லை. கூர் வைத்த சன்னல் இல்லை. பூசாத வெறும் கான்கிரீட்டில் அரைவட்டமாக ஒரே சுவர். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஒரு முழத்துக்குக் கண்ணாடி வைத்திருந்ததால், கூரை எதிலும் ஒட்டாமல் காற்றில் நிற்பதுபோல் இருந்தது. பீடம் கோடியில் இல்லாமல் சனங்களுக்கு நடுவில் இருந்தது. அதைச் சுற்றிப் பெஞ்சுகள்.

"பின்னால உட்கார்ந்து தூங்கறவன் இனிமே எங்க போறது?" என்றார் ஒருவர்.

"பெட்ரோல் ஸ்டேஷன்னு நெனச்சு எண்ணெய் ஊத்த வந்துட்டேன் லா," என்றார் இன்னொருவர்.

படம் போட்டுக் கொடுத்த பினாங்குக்காரர், இந்தச் சுவர் ஒரு தாய் இரண்டு கைகளையும் விரித்து அணைப்பதைப்போல என்று விளக்கினார். சனங்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பாதியாய் வெட்டிய குவாலிச் சட்டி என்று முடிவு செய்தார்கள்.

அந்தச் சுவருக்கு இன்னொரு குணம் உண்டு. அது தற்செயலாகத்தான் தெரிய வந்தது. அரைவட்டத்தின் ஒரு முனையில் மாதா சுரூபம், முன்னால் மெழுகுவர்த்தித் தட்டு. மறுமுனையில் ஏணியும் துடைப்பமும் போட்டுவைக்கும் சின்ன அறை. அந்த அறை வாசலில் சுவரோடு ஒட்டி நின்று முணுமுணுத்தால், சத்தம் சுவரை உரசிக்கொண்டே போய் மாதாவின் காலடியில் கேட்கும். அங்கே முணுமுணுப்பது இங்கே கேட்கும். நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது.

இப்படி ஒரு சுவரை இப்படி ஒரு ஆளிடம் விட்டால்?

லூர்தம்மாள் அக்கா, தன் மகனுக்கு வேலை கேட்டு மாதா முன்னால் முட்டி போட்டிருந்தார். "மொதல்ல பக்கத்து வீட்டுத் தேங்காயத் திருப்பிக் குடு," என்றது ஒரு மெல்லிய குரல். அக்கா அலறவில்லை. முட்டி போட்டபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசல்வரை போனார். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு வாசலில் மூன்று தேங்காய். "மாதா இவ்வளவு கொச்சையாப் பேசுவாங்கன்னு யாரும் சொல்லலையே, ஃபாதர்," என்று அழுதாராம்.

ஒரு வியாழக்கிழமை காலையில் காற்றாடி ஒன்று சுற்றவில்லை. சாமான் வாங்க டவுனுக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்த சத்தியசீலன், கடை பூட்டிக் கிடந்ததால் திரும்பி வந்து பின்வாசல் வழியாகத் துடைப்ப அறைக்குள் நுழைந்தார். யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் சுவரில் வந்தது. மாதா முன்னால் ஆள்! யாரென்று எட்டிப் பார்க்கவில்லை, பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனார்.

"தாயே, தேவகி வந்திருக்கேன்," என்றது சுவர்.

குவித்த கை அப்படியே நின்றது. தேவகி அவர் மனைவி. குருணில் ஒரு கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், இராத்திரி ஷிஃப்ட் முடிந்து, இந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டியவள்.

"எங்க முருகன்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா அவரு ஆம்பள, எப்படி விவரமா சொல்றது? மார்ல கட்டி, தாயே. தீபாவளிக்கு முன்ன கடலை அளவுக்கு இருந்துச்சு. இப்ப பெருசாயிடுச்சு. வலிக்கல. எங்க அக்காவுக்கும் வலிக்காமத்தான் இருந்துச்சு."

காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. தேவகியின் அக்காவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனவர்களில் சத்தியசீலனும் ஒருவர். அந்த எடை திடீரென்று தோளில் ஏறியது. ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த மனுஷன்கிட்ட சொல்லல. சொன்னா ஏதாவது பேசிச் சிரிக்க வச்சிடுவாரு. நானும் சிரிச்சிட்டு அடுப்படிக்குப் போயிடுவேன். இது சிரிக்கிற விஷயமில்ல, தாயே."

வாழ்க்கையில் தான் செய்த உருப்படியான காரியம் இவளைச் சிரிக்க வைத்தது ஒன்றுதான் என்று அவர் நினைத்திருந்தார். அதற்குப் பயந்துகொண்டுதான் இவள் இத்தனை மாதமாக வாயை மூடியிருக்கிறாள். ராத்திரி பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்ட மனுஷனுக்கு ஒரு எழவும் தெரியவில்லை.

ஓடிப்போய் முன்னால் நிற்கலாம். நின்றால், "ஒண்ணுமில்ல, சும்மா வந்தேன்," என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தார். கரகரத்த குரலை மெலிதாக்கி, "மகளே, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போ," என்றார்.

மூக்கு உறிஞ்சல் சட்டென்று நின்றது.

"ஏங்க?" என்றது பிறகு.

அவர் மூச்சை அடக்கினார்.

"மாதாவுக்கு எப்பலேர்ந்து சளி? எங்க நிக்கிறீங்க?"

"தொடப்ப ரூம்ல."

"லூர்தம்மா தேங்காயும் நீங்கதானா?"

"ம்."

"சீ. எவ்வளவு கேட்டீங்க?"

"எல்லாம்."

அழுகிறாளா என்று காதைச் சுவரில் வைத்து அழுத்தினார். கான்கிரீட் கன்னத்தைச் சுரண்டியது.

"சரி, ஒரு ஜோக் சொல்லுங்க," என்றாள் தேவகி. குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எப்பவும் கைவசம் இருக்குமே லா."

தேடிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே கிடைக்கவில்லை.

"வரல, தேவகி."

"நெசமாவா?"

"நெசமா."

சுவர் நீளமாக ஒரு மூச்சு விட்டது. "எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்," என்றார். அப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே அதிர்ந்து போனார். "இன்னைக்கே போயிடலாம். சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்கு."

"போலாம். ஆனா டாக்டர்கிட்ட நான்தான் பேசுவேன். நர்சுகிட்ட குறும்பு பண்ணக் கூடாது. அவங்க உங்கள மட்டும் தனியாக் கூப்பிட்டு எதச் சொன்னாலும், அத அப்படியே எனக்குச் சொல்லணும். மாத்திச் சொல்லக் கூடாது. சம்மதமா?"

சத்தியசீலன் தலையாட்டினார்.

"சத்தத்தையே காணோம்?"

மறுபடியும் ஆட்டினார். அந்தச் சுவர் எந்த முணுமுணுப்பையும் சுமந்து போகும், தலையாட்டலைச் சுமக்காது. வெளியே வந்தார். பீடத்தைச் சுற்றி, பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு, எதிர்க் கோடிவரை நடந்தார்.

தேவகி எழுந்து நின்றிருந்தாள், கிலாங் சட்டையைக்கூட மாற்றாமல். அவர் முகத்தைப் பார்த்ததும் இப்போது அவளுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை இப்படி அவள் பார்த்ததே இல்லை.

அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூசியைத் தட்டிவிட்டாள்.

"வாங்க," என்றாள். "மோட்டார் சைக்கிள நான் ஓட்டறேன். நீங்க பின்னால ஏறுங்க."