பெயரை நீக்கினேன், பாத்தி எண்ணை அப்படியே விட்டுவிட்டேன்

சுனாமிக்கு மறுவருடம், மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களின் கால் புண்களைப் பற்றி ஆய்வு செய்தேன். அடையாளம் வெளியே வராது என்று எழுதிக் கொடுத்துத்தான் ஒவ்வொருவரிடமும் தகவல் வாங்கினேன்.

கட்டுரையை ஓர் இணைய இதழ் ஏற்றது. படிப்பவர்களுக்கு இலவசம், கட்டணம் எழுதியவர் தலையில். என் ஆறு மாத உதவித்தொகை அது! சேகரித்த தகவல் முழுவதையும் எல்லோரும் பார்க்கக் கொடுத்தால் கட்டணம் வேண்டாம் என்றார்கள். பெயர்களை மட்டும் நீக்கிப் பட்டியலை அனுப்பினேன்.

கட்டுரை வெளியாகி மூன்று மாதம் கழித்து மரக்காணம் போனபோது, எனக்குத் தகவல் சொன்ன எஸ்தர் அக்கா வேலையின்றி வீட்டில் இருந்தார்.

"பதினேழாம் பாத்தி, பொம்பளன்னு போட்டிருக்கியே, என்னை விட்டா அங்க வேற யாரு? பூட்ஸ் கேட்டா மொதலாளி திட்டுறாருன்னு நான் சொன்னத, அவரு புள்ள பாண்டிச்சேரி நெட் சென்டர்ல பிரிண்ட் எடுத்துட்டு வந்துட்டான். இனிமே வராதன்னு சொல்லிட்டாரு."

உப்பளத்தில் ஆளை அடையாளம் சொல்வதே பாத்தியை வைத்துத்தான். ஒரு வருடம் அங்கேயே அலைந்த எனக்கு அது தெரியாதா?

பட்டியலை இதழ் நீக்கியது. ஆனால், "யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள்தான் ஒப்புக்கொண்டீர்கள். எடுத்தவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது" என்று பதில் வந்தது. வக்கீல் தோழியோ, "அந்த அக்கா கேஸ் போட்டா, அடையாளம் வெளிய வராதுன்னு நீ எழுதிக் குடுத்த பேப்பரே போதும்டி" என்றாள்.

அக்கா கேஸ் போடவில்லை. என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

இப்போதெல்லாம் பட்டியலை அனுப்புமுன், அவரவர் வரியை அவரவருக்கே படித்துக் காட்டி, "இத பாத்தா உங்க மொதலாளி உங்கள கண்டுபிடிச்சிடுவாரா?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே, "ஆமா" என்று தலையாட்டுகிறார்கள்.