கால்சியம் டப்பாவில் போன மாத்திரை

மனநோயும் சர்க்கரையைப் போல உடம்பின் நோய்தான், மூளையும் ஓர் உறுப்புதான் என்கிற ஆய்வுக் கட்டுரையை, இன்று விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடையில் நின்றபடி கைபேசியில் படித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்னால் நின்ற அம்மா, மகளுக்கு மனநல மருத்துவர் எழுதிய சீட்டை மடித்தபடியே நீட்டினார்.

"இது திண்டிவனத்துலயே கிடைக்குமேம்மா?" என்றார் கடைக்காரர், சீட்டிலிருந்த முகவரியைப் பார்த்து.

"அங்க வாங்குனா எங்க ஊரு ஒலக்கூர் பூரா தெரிஞ்சிடுங்க."

பிறகு பையிலிருந்து காலி கால்சியம் டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். "பிரிச்சு இதுல போட்டுடுங்க சார். ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க."

"யாராவது கேட்டா சுகர் மாத்திரைன்னு சொல்லிடுங்களேன்" என்றார் கடைக்காரர்.

"ஐயோ, சுகர்னா வேணாம்னு போயிடுவாங்க."

"தைராய்டு?"

அம்மா யோசித்தார். "தைராய்டு பரவாயில்ல. எங்க நாத்தனாருக்கே இருக்குது."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "கல்யாணம் வரைக்கும் நிறுத்தி வெச்சா என்னங்க? இப்ப நல்லாத்தான் சிரிச்சிக்கினு, வேலைக்குப் போய்க்கினு இருக்கா" என்றார்.

"மாத்திரை சாப்புடறதாலதாம்மா நல்லா இருக்குது. டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க. ஒரு மாசத்துக்கு எழுதியிருக்காரு, குடுத்துடட்டா?"

"வேணாங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் குடுங்க, போதும்."

கடைக்காரர் எண்ணிப் பிரித்துப் போட்டார். டப்பாவின் மேல் ஒரு பெண் பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் தங்கள் மாத்திரைகளை எந்த ஊர்க் கடையில் வாங்குகிறார்கள் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.