காய்ச்சல் இல்லை என்று சொன்னேன்

ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, புதுச்சேரி டாக்டர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனார். கல்லின் அளவு, சிறுநீரகத்தில் அது இருக்கும் இடம், முன்பு ஆபரேஷன் நடந்ததா, கிருமித் தொற்று உண்டா. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு டிக். முதுகில் சின்னத் துளை போட்டுக் கல்லை எடுத்துவிடலாம், என் மகளுக்கு எல்லாமே சாதகமாக இருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியே பழகிய எனக்கு அந்த டிக்குகளைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. "நம்மூருல எல்லாரும் பீங்கான் செய்யறாங்க, நான் கல்லு செஞ்சு வெச்சிருக்கேன்" என்று விருத்தாசலம் திரும்பும் பஸ்ஸில் அப்பாவைச் சீண்டினாள். பீங்கான் கம்பெனியில் சூளை பார்ப்பவர் அவர். எங்கள் சூளையில் வைத்தால் இன்னும் கெட்டியாகிவிடும் என்று அவரும் சிரித்தார்.

ஆபரேஷன் தேதிக்கு ஒரு மாதம் காத்திருந்தோம். அட்மிட் ஆவதற்கு முந்தின நாள் அவளுக்குக் குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்தேன். காலையில் உடம்பு சுடவில்லை. அவள் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் தேதி தள்ளிப் போகும், அதற்குள் கல்லூரி திறந்துவிடும், மறுபடியும் வலியோடுதான் பரீட்சை எழுதுவாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். மகள் என்னைப் பார்த்தாள்.

கல் முழுவதும் வந்துவிட்டது. அதுவரை டாக்டர் சொன்னபடியேதான் நடந்தது. அன்று சாயங்காலம் அவளுக்கு நடுக்கம் தொடங்கியது. கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது என்றார்கள். பல நாள் அவளைக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்த்தேன். பிழைத்துவிட்டாள். சீழ் பிடித்த அந்தச் சிறுநீரகத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு நாங்கள் மூவரும் பரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் அந்தப் பழைய தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னைவிட மெலிந்த குரலில் பேசினார்.

"எல்லாம் நல்லாத்தான்மா இருந்துச்சு. நான் எங்க தப்பா கணிச்சேன்னு புரியல. அதுக்கு முன்னாடி காய்ச்சல் எதுவும் வரலியே?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"இல்ல சார். நல்லாத்தான் இருந்தேன்."

அவர் தலையசைத்து, தாளின் அடியில் ஏதோ எழுதினார். தன் தவறென்றே எழுதியிருப்பார்.

பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பா டீ வாங்கப் போயிருந்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அப்பா பக்கத்துல இருந்தாருல்ல" என்றாள். பிறகு டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே, "நீ சொல்லுவன்னு எனக்குத் தோணலம்மா" என்றாள்.

அவர் மூன்று டம்ளர்களோடு வருவதைப் பார்த்து இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.