மின்னஞ்சல் இருந்த விரதம்

சக ஊழியர்களின் சாப்பாட்டு நேர அரட்டையிலிருந்து தப்பிக்க, என் அலுவலக மின்னஞ்சலில் ஒரு விதி போட்டிருந்தேன். ‘லன்ச்’ என்ற சொல்லோடு எது வந்தாலும், “மன்னிக்கவும், இன்று விரதம்” என்று அதுவே பதில் அனுப்பிவிடும். மேலாளரின் கடிதங்களை மேலே நிறுத்த இன்னொரு விதி. இரண்டும் ஒருநாள் மோதிக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது, மேலாளர் எங்கள் குழுவை லிட்டில் இந்தியாவில் லன்ச்சுக்கு அழைத்தார். கடிதம் ஒழுங்காக மேலே வந்து நின்றது. எனக்குத் தெரியாமல் விரதப் பதிலும் அவருக்குப் போயிருந்தது.

உணவகத்தில் எல்லாருக்கும் மீன் தலைக்கறி வந்தது. எனக்கு ஒரு டம்ளர் மோரும் இரண்டு வாழைப்பழமும் வந்தன.

“விரதம்னு சொன்னீங்கல்ல, உங்களுக்கு நானே ஸ்பெஷலா சொல்லி வச்சேன் லா,” என்றார் மேலாளர் பாசமாக.

உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் இருந்த விரதமெல்லாம் அம்பலமாகிவிடும். “ரொம்ப தேங்க்ஸ் பாஸ்,” என்று மோரைக் குடித்தேன்.

அலுவலகம் திரும்பியதும், மேலாளருக்கான விதியை முதலில் வைத்து, அதற்குப் பின் வேறெந்த விதியும் ஓடாதபடி மாற்றினேன். மாலையில் தனியாகத் தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனேன்.

“பிரியாணி கோழியா, ஆடா?” என்றார் கடைக்காரர்.

“ரெண்டும்,” என்றேன்.